அலைவாங்கி

பழைய வால்வு ரேடியோவின் முதுகில் இரண்டு துளைகள் இருக்கும்: ஒன்று ஏரியலுக்கு, மற்றது எர்த்துக்கு. சேலம், நாமக்கல் சமவெளி வீடுகளில் முதல் துளையிலிருந்து கூரைக்கு ஏறிய செம்புக் கம்பிக்கு ஏரியல் என்பதே பெயர். காற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது அது. ஆண்டெனாவோ முதலில் கப்பலில் பாய் கட்டும் குறுக்குக் கழி. பிறகு பூச்சியின் உணர்கொம்பு. அதன் பின்னரே வானொலிக் கம்பி. ஒன்று இடத்தைச் சொல்கிறது, மற்றது உருவத்தை. வேலையைச் சொல்வது அலைவாங்கி என்ற தமிழ்ச்சொல்தான். சுமைதாங்கி, இடிதாங்கி என்று செயலால் பெயரிடும் தமிழ் மரபில் அது இயல்பாகப் பொருந்துகிறது.

வாங்குவது காசு கொடுத்துப் பெறுவதல்லவா என்று கேட்கலாம். பழந்தமிழில் வாங்குதல் என்றால் வளைத்தல், இழுத்தல். மூச்சு வாங்குகிறது என்று இன்றும் சொல்கிறோம். இன்னொரு மறுப்பு வலுவானது: 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியின் கோபுரமும் ஆண்டெனாதான், ஆனால் அது அலையை வாங்குவதில்லை, அனுப்புகிறது. பொறியியலுக்கு இரண்டையும் அடக்கும் பொதுச்சொல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனாலும் கோபுரம் அலைநீளத்தைக் கணக்கிட்டு நிறுத்தப்படுவது. திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 320 மீட்டர். நாமக்கல் வீட்டுக்குச் சில மீட்டர் கம்பி போதும், வந்த சிறு மின்னோட்டத்தை வால்வுகள் பெருக்கிக்கொள்ளும். கோபுரத்துக்கு அலைபரப்பி என்று தனிப்பெயர் இருக்கட்டும். கூரைக் கம்பி அலைவாங்கியே.