துப்பாக்கியின் உதை: ஒரு சிறு வரலாறு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். விடுதி, மெஸ், பேராசிரியர்கள் என்று மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் மாரண்டஹள்ளிக்காரன், இயற்பியல் மாணவன், என்.சி.சி.யில் இருந்தவன். இந்த மூன்றும் சந்திக்கிற விஷயம் ஒன்று உண்டு. அது துப்பாக்கியின் உதை.

சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டு, 1968-ல் மறுபடியும் விருப்பப் பயிற்சியானது. நாங்கள் விரும்பிச் சேர்ந்த கோஷ்டி. பெரும்பாலும் .22 ரைபிள்தான், அது பிள்ளைப்பூச்சி. கேம்ப்பில் ஒருநாள் .303 கையில் வரும்போதுதான் சமாச்சாரம் புரியும். "கட்டையைத் தோளோட இழுத்துப் பிடிங்கடா, இல்லேன்னா எலும்பு தெரியும்" என்பார் ஹவில்தார். லேசாகப் பிடித்தவனின் தோள் மறுநாள் கத்திரிக்காய் நிறம்.

கணக்கு ரொம்பச் சுலபம். .303 குண்டின் எடை சுமார் 11.3 கிராம், அது வெளியேறும் வேகம் விநாடிக்கு 744 மீட்டர். ரைபிள் ஏறக்குறைய 4 கிலோ. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டுக்காக மட்டும் ரைபிள் விநாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிக வேகத்தில் பின்னால் வர வேண்டும். ஆனால் உதை இதோடு முடிவதில்லை. தோட்டாவில் இருந்த சுமார் இரண்டரை கிராம் மருந்து எரிந்து வாயுவாகி, குண்டின் பின்னாலேயே அதைவிட வேகமாகச் சீறிக்கொண்டு வருகிறது. மொத்த உதையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த வாயுவால்தான். மருந்து நிறையப் போடும் மாக்னம் ரைபிள்களில் இது மூன்றில் ஒரு பங்குக்குப் போகும்.

குண்டின் பங்கை யாராலும் குறைக்க முடியாது. வாயுவின் பங்கைக் குறைக்கலாம். முன்னால் போகிற வாயுவைக் குழல் வாயில் ஒரு தடுப்பு வைத்துப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ திருப்பிவிட்டால், அது தடுப்பில் மோதி ரைபிளை முன்னால் இழுக்கும். இதுதான் மஸில் பிரேக். மேல்பக்கமாகத் துளை போட்டால் குழலின் மூக்கு மேலே எகிறாமல் அமுங்கும், அதற்குக் காம்பன்சேட்டர் என்று பெயர்.

இந்த யோசனை முதலில் பீரங்கிக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி திரேயி த போலியூ இதைச் செய்து பார்த்தார். கைத்துப்பாக்கிகளுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1920-களில் அமெரிக்கக் கடற்படைவீரர் பிரிவின் அதிகாரி கட்ஸ் செய்த காம்பன்சேட்டர் தாம்ஸன் சப்-மெஷின்கன்னில் ஏறியது. பழைய ஆங்கிலப் படங்களில் சிகாகோ ரவுடிகள் வைத்திருப்பார்களே, அந்தத் துப்பாக்கிதான்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். மாரண்டஹள்ளிக்கு மேற்கே பஞ்சப்பள்ளியைத் தாண்டினால் தேன்கனிக்கோட்டைக் காடுகள். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று இந்தக் காடுகளைச் சுற்றி ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைச் சுட்டவர் பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் (1910–1974). 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரிப் புலி இருக்கிறது. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். இதே ரைபிளைத்தான் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: .303-ஐப் போல இரண்டரை மடங்கு உதை வருகிறது! போதாததற்குப் பின்கட்டையில் ரப்பர் கிடையாது, வெறும் இரும்புத் தகடு. குழல் வாயில் எந்தத் தடுப்பும் கிடையாது. புலி மீதான பயத்தில் உதை தெரியாமல் போயிருக்குமோ என்னவோ. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டது. நல்லதுதான்.

உதையைக் குறைப்பதற்கு எதிர்மாறாகவும் செய்திருக்கிறார்கள். 1944-ல் .303-ஐ வெட்டிச் சுருக்கிக் காட்டுப்போருக்கென்று 'ஜங்கிள் கார்பைன்' வந்தது. சுமார் 3.2 கிலோதான். எடை குறைந்ததால் உதை கூடிற்று. வாயில் இருந்த புனல், தீப்பிழம்பை மறைக்கவே ஒழிய, உதைக்கு அல்ல. குறியும் நிலையாக நிற்கவில்லை, நேற்றுச் சரியாக இருந்தது இன்று தள்ளி விழும் என்று புகார்.

குறி தள்ளிப்போவதற்கும் குழல் வாய்க்கும் தொடர்பு உண்டு. சுடும்போது குழல் வீணைத் தந்திபோல அதிர்கிறது. குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் வாய் எந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கிறதோ அதைப் பொறுத்துக் குறி மாறும். பழைய லீ-என்ஃபீல்டுக்கு இதுவே அதிர்ஷ்டமாக அமைந்தது. வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக, வாய் மேலே எழும்பும்போது வெளியேறும். அதனால் 1,000 கெஜ தூரத்தில் வேக வித்தியாசம் தானாகவே ஈடுகட்டப்பட்டது.

இதையே வேண்டியபடி திருப்பிக்கொள்ளும் கருவியாக்கினால் என்ன? 1994-ல் அமெரிக்காவின் பிரௌனிங் கம்பெனி அதைச் செய்தது. கிளைட் ரோஸ் என்பவரின் கண்டுபிடிப்பு, பெயர் 'பாஸ்'. குழல் வாயில் மரையோடு ஓர் எடைக்கட்டி, அதில் அளவுக்கோடுகள். கொஞ்சம் திருகிச் சுட்டுப் பார்ப்பது, மறுபடி திருகிச் சுடுவது. குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழும்போது நிறுத்திக்கொள்ளலாம். வீணைக்குச் சுருதி சேர்ப்பது மாதிரிதான். எடைக்கட்டியிலேயே துளைகளும் இருந்ததால் உதையும் குறைந்தது.

ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களே முணுமுணுத்தார்கள். காரணம் சத்தம். முன்னால் போக வேண்டிய வாயு பக்கத்தில் திரும்பினால் வெடிச்சத்தமும் கூடவே திரும்பும். ரைபிள் வெடிச்சத்தம் சாதாரணமாகவே 150 டெசிபலைத் தாண்டும், 140-க்கு மேல் ஒரே வெடி காதைக் கெடுக்கப் போதும். கடைசியில் துளையில்லாத 'பாஸ்' ஒன்றையும் அதே கம்பெனி விற்க வேண்டி வந்தது: குறிக்கு மட்டும், உதைக்கு இல்லை. தோளில் மிச்சமானதைக் காதில் வசூலிக்கிற ஏற்பாடு இது என்பது என் அபிப்பிராயம்.

நம் செட் நண்பர் ஒருவர் பீரங்கிப்படையில் சேர்ந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் பார்த்தால் அவருக்கு வலப்பக்கமாகப் போய்ப் பேசுங்கள், இடது காது சுத்தமாகப் போய்விட்டது. மஸில் பிரேக் உள்ள பீரங்கியில் சத்தம் பக்கவாட்டில் நிற்பவர்களைத்தான் முதலில் தாக்கும். "அந்தக் காலத்துல காதுல பஞ்சுதான்யா" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தமிழ்நாட்டிலும் இந்த வித்தை உண்டு. 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 2005-ல் 'வித்வன்சக்' என்ற பெரிய ரைபிளை உருவாக்கியது. 12.7 மி.மீ. குழலோடு எடை 25 கிலோ! இத்தனை எடை இருந்தும் குழல் வாயில் மஸில் பிரேக் தேவைப்பட்டது. அது போதாதென்று குழலும் அதன் பின்பகுதியும் சட்டத்துக்குள்ளேயே பின்னால் நகர்ந்து, உதையை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

நம் பேரப்பிள்ளைகள் சிலர் ஏர் ரைபிள் போட்டிகளுக்குப் போகிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்கு ஒரு தகவல்: சர்வதேசப் போட்டி விதிப்படி ரைபிளில் மஸில் பிரேக்குக்கும் காம்பன்சேட்டருக்கும் தடை. குழலில் எடைக்கட்டி மாட்டிக்கொள்ளலாம்.