மூன்று ஒற்றர், ஒரு செய்தி: ஒற்றாடல் அதிகாரமும் உளவுப் பகுப்பாய்வுக் கல்வியும்

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலை அர்த்தசாத்திரத்தின் சுருக்கமாகப் படிக்கும் வழக்கம் தமிழாய்வில் ஆழ வேரூன்றியது. அதற்கு வலுவான அடித்தளம் இட்டவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. பொருட்பாலின் அரசியல் கருத்துகள் மனுவுக்கும் கௌடிலியருக்கும் காமந்தகருக்கும் கடன்பட்டவை என்பது அவர் முடிவு. குறளைக் கி.பி. 600ஐ ஒட்டி அவர் வைத்ததும் இந்த முடிவோடு பிணைந்தது. காவல்துறையினருக்கும் பாதுகாப்புத் துறையினருக்கும் உளவுப் பகுப்பாய்வு பல்கலைக்கழகப் பாடமாகிவரும் இந்நாளில் அந்த வாசிப்பை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடன் என்று சொல்லி முடித்துவிட்டால், இந்தப் பாடத்துக்குக் குறள் தனியாகத் தருவது என்ன என்ற கேள்வியே எழாமல் போகும்.

வையாபுரிப்பிள்ளையை வடமொழிச் சார்பினர் என்று சொல்லி ஒதுக்கியவர்கள் உண்டு. அது விடையாகாது. அவர் கட்சிக்குக் கிடைக்கும் சான்றுகள் வலுவானவை. அமைச்சரை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கால் சோதித்துத் தேர்வதைப் பேசும் 501ஆம் குறளும், அர்த்தசாத்திர முதல் நூலின் 10ஆம் அத்தியாயமும் ஒன்றையொன்று அப்படியே ஒத்துப் போகின்றன. ஒற்றர் மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்ற 589ஆம் குறளின் விதி, அதே நூலின் 12ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நூல் தெற்கில் வழங்கவில்லை என்றும் வாதிட முடியாது. ஆர். சாமசாஸ்திரி 1905இல் கண்டறிந்து 1909இல் பதிப்பித்த ஏடு தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொணர்ந்தது. 1924-25இல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்த கணபதி சாஸ்திரி, பழைய மலையாள உரை ஒன்றையும் துணைகொண்டார். தொடர்பு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. தொடர்பு இருந்தால் அது சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்ற அடுத்த படியைத்தான் மறுக்கிறேன்.

589ஐயே எடுத்துக்கொள்வோம். அர்த்தசாத்திரத்தின் 12ஆம் அத்தியாயத்தில், ஓரிடத்தில் நிலைத்திருக்கும் ஒற்றரும் திரியும் ஒற்றரும் ஒருவரையொருவர் அறியக் கூடாது என்ற விதி ஓரிடத்தில் வருகிறது. அதைத் தொடர்ந்து, பிக்குணி வேடத்தில் போனவள் வாயிலில் தடுக்கப்பட்டால் செய்தியை எப்படி வெளியே கொண்டுவருவது என்ற விவரம் விரிகிறது: வாயிற்காவலர் வழியாக, தாய் தந்தை வேடத்தில் வருவோர் வழியாக, பாட்டாக, வாத்திய ஒலியாக, மறைகுறி எழுத்தாக. இவையெல்லாம் கடந்த பிறகே மூவர் சொல் ஒத்தால் நம்பிக்கை கொள்ளலாம் என்ற விதி வருகிறது. அடுத்து உடனே, அவர்கள் சொல் அடிக்கடி முரண்பட்டால் கமுக்கமாகத் தண்டிக்கலாம், அல்லது நீக்கிவிடலாம் என்ற விதி. ஒற்றர் ஒருவரையொருவர் அறியாமை அங்கே ஒற்றுப்படையை நடத்தும் முறை. மூவர் ஒப்பு அவர்களை மேற்பார்க்கும் முறை. இரண்டும் தனித்தனியே நிற்கின்றன.

குறளோ அவ்விரண்டையும் ஒரே பாட்டில் முன்பின்னாகக் கட்டுகிறது. ஒருவரையொருவர் அறியாமல் ஆளவேண்டும். அப்படி ஆண்டபின் மூவர் சொல் கூடினால் தெளியலாம். பரிமேலழகர், ஒரே பொருள்மேல் மூவரையும் வேறு வேறாக விடுவதாகக் கொண்டு விளக்குவது இந்தக் கட்டை இன்னும் இறுக்குகிறது. தனித்தனியாக வராத மூன்று சொற்களின் ஒப்பு எதையும் மெய்ப்பிக்காது என்பதே இங்குள்ள கருத்து. முந்தைய 588ஆம் குறள் ஓர் ஒற்றன் தந்ததை இன்னோர் ஒற்றனால் சோதிக்கச் சொல்கிறது. 587 ஒற்றன் தான் அறிந்ததில் ஐயம் இல்லாதவனாக இருக்க வேண்டும் என்கிறது. முரண்பட்டவனுக்குத் தண்டனை இந்த மூன்றிலும் இல்லை. ஒன்பது வகை ஒற்றர் பட்டியல் இல்லை. நஞ்சிடுவோரும் கொலைஞரும் இல்லை. துறவி வேடம் ஒன்று மட்டும் 586இல் தங்கியிருக்கிறது. ஒரு நூலைச் சுருக்குபவர் பட்டியலைச் சுருக்குவார். பட்டியலை முழுதும் விட்டுவிட்டு, இடையில் சிதறிக் கிடந்த இரண்டு விதிகளைக் காரணமும் விளைவுமாக இணைக்கமாட்டார். இது சுருக்குபவர் வேலையாக எனக்குப் படவில்லை. செய்தியை எடைபோடுவதை முதன்மையாக நினைத்தவர் வேலையாகவே படுகிறது.

590ஆம் குறள் இதற்கு இன்னொரு சான்று. பிறர் அறிய ஒற்றனுக்குச் சிறப்புச் செய்தால் மறை வெளிப்படும் என்கிறது அது. அர்த்தசாத்திரத்தின் 11ஆம் அத்தியாயம் முடியுமிடத்தில், அரசனால் பொருளாலும் மதிப்பாலும் போற்றப்பட்ட ஒற்றர் பேசப்படுகிறார்கள். அந்தச் சிறப்பை மறைத்துச் செய்வதா என்ற கவலை அங்கே இல்லை. குறள் மறுத்துப் பேசும் வழக்கம் தமிழ்ப் புறத்திணையிலேயே இருக்கிறது. வெட்சியில் 'வேய்' என்ற துறை ஒற்றர் செய்தியைப் பற்றியது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை 'புலனறி சிறப்பு' என்று தனித்துறையே வைத்து, ஆநிரை இருக்குமிடம் அறிந்து சொன்னவருக்குக் கூடுதல் பங்கு தருவதைச் சொல்கிறது. அந்நூல் குறளுக்குப் பிந்தியது என்பது உண்மை. ஆனால் அது தொகுத்துச் சொல்லும் போர்மரபு பழையது. வள்ளுவர் கௌடிலியரோடு மட்டும் உரையாடவில்லை, வெட்சி வீரர்களின் கொண்டாட்டத்தோடும் உரையாடுகிறார் என்று நினைக்க இடமிருக்கிறது.

ஒற்றும் நூலும் அரசனுக்கு இரு கண்கள் என்கிறது அதிகாரத்தின் முதற்குறள். ஒற்றுத் தொழிலோடு கல்வியைச் சேர்த்துப் பேசுவது வடமொழி நீதிநூல் தாக்கம் என்று கொள்வாருக்கு மதுரைக்காஞ்சியைக் காட்ட விரும்புகிறேன். மாங்குடி மருதனார் மதுரையின் நள்ளிரவைப் பாடுமிடத்தில், கள்வரைத் தேடித் திரியும் ஊர்காப்பாளர் வருகிறார்கள். தூங்காத கண்ணும் துணிவும் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. நூல்வழி பிழையாத நுட்பமான தேர்ச்சி உடையவர்களாகவும் அவர்கள் காட்டப்படுகிறார்கள். காவல் தொழிலில் இருப்பவருக்கு நூற்கல்வி வேண்டும் என்ற எண்ணம் பாண்டிய நாட்டில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

புறநானூற்றின் 47ஆம் பாட்டு இன்னும் சிக்கலானது. நான் அதிகம் நம்பியிருப்பதும் அதைத்தான். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்று வந்தவன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது கோவூர் கிழார் பாடி மீட்டதாகக் கொளு சொல்கிறது. பாட்டுக்குள் ஒற்றன் என்ற பேச்சே இல்லை. பரிசிலரின் தீங்கற்ற வாழ்வே பாடப்படுகிறது. ஒற்றன் கதை முழுவதும் கொளுவில்தான் இருக்கிறது. கொளு எப்போது எழுதப்பட்டது என்பது முடிவாகாத கேள்வி. அதை வைத்துச் சங்ககால நிகழ்ச்சி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் என் வாதத்துக்கு அது தடையில்லை. பாட்டுக்குச் சூழல் தேடிய தொகுப்பாளர், பகைவன் நகரிலிருந்து வந்தான் என்ற ஒற்றைக் குறிப்பை வைத்து ஒருவனை ஒற்றன் என்று முடிவுகட்டும் அரசனையும், அந்த முடிவு பிழை என்று காட்டும் சான்றோரையும் எளிதாகக் கற்பனை செய்ய முடிந்திருக்கிறது. பிழையான உளவு முடிவு உயிரைக் குடிக்கும் என்ற அறிவு தமிழ் மரபுக்குள்ளேயே இருந்தது. அதை வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை.

காலவரிசை நமக்கு உதவாது. அர்த்தசாத்திரத்தை மௌரியர் காலம் என்றார் சாமசாஸ்திரி. தாமஸ் டிரௌட்மன் 1971இல் சொற்புள்ளியியல் வழியே பல ஆசிரியர் கை அதில் உண்டு என்று காட்டினார். பேட்ரிக் ஒலிவெல் அதன் மூலவடிவத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியும், இன்றைய வடிவத்தை அதற்குப் பின்னும் வைக்கிறார். குறளுக்கோ தமிழக அரசு ஏற்ற கி.மு. 31 முதல் வையாபுரிப்பிள்ளையின் கி.பி. 600 வரை காலம் நீள்கிறது. எது முந்தியது என்பதை இந்த அதிகாரத்தை வைத்துத் தீர்க்க முடியாது. தீர்க்க முயலவும் இல்லை.

செய்தியை எடைபோடும் இந்தக் கலை பிற்காலத்தில் என்ன ஆனது என்று இனிப் பார்ப்போம். ஆங்கிலேய ஆட்சியில் ஒற்று அலுவலகமானது. 1859இன் 24ஆம் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறையை அமைத்தது. 1887இல் மைய அரசில் உருவான சிறப்புப் பிரிவு இன்றைய ஐ.பி.க்கு முன்னோடி, 1902-03 காவல் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1906இல் சென்னையில் சி.ஐ.டி. பிறந்தது. சேகரிப்பு பெருகியது, எடைபோடும் கலைக்குப் பள்ளி இல்லை. கோயில் நுழைவுப் பிணக்கில் சிவகாசியில் 1899 ஜூன் 6 அன்று வெடித்த பெருங்கலவரத்துக்கு முன்னறிகுறிகள் கமுக்கமானவையல்ல: 1895இல் கழுகுமலையில் மோதல், 1897இல் கமுதிக் கோயில் நுழைவு வழக்கு. எல்லாம் அரசின் கோப்புகளிலேயே இருந்தவை. இராணுவம் வந்து கலவரம் அடங்கியது ஜூலை நடுவில். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டபோதும் இதே கதை. புரட்சியாளர் நீலகண்ட பிரம்மச்சாரி தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆள் சேர்த்துத் திரிந்ததன் முழுப்பொருளைக் காவல்துறை கொலைக்குப் பிறகே கோத்துப் பார்த்தது.

பகுப்பாய்வு தனிப் பாடமானது போருக்குப் பிந்திய அமெரிக்காவில். யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஷெர்மன் கென்ட் 1949இல் எழுதிய நூலும், ரிச்சர்ட்ஸ் ஹாயர் 1999இல் வெளியிட்ட நூலும் அதன் மைல்கற்கள். அதே 1999இல் இங்கே கார்கில் ஆய்வுக் குழு அமைந்தது. தலைவர், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அமைப்புகள் சேகரித்தவை ஓரிடத்தில் மதிப்பிடப்படவில்லை, கூட்டு உளவுக் குழுவுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது அக்குழு கண்ட முக்கியக் குறை. 588, 589ஆம் குறள்கள் பேசிய குறை இதுதான். இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறையும் குற்றவியல் துறையும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையும் உள்ளன. 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தால் காந்திநகரில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஒற்றாடல் அதிகாரம் இந்த வகுப்புகளில் முன்னுரை அலங்காரமாக வராமல் பயிற்சியாகவே வர வேண்டும் என்பது என் கட்சி.

பயிற்சிக்குக் கற்பனையான ஒரு நிகழ்வை ஆலங்குளத்துப் பக்கம் வைத்துப் பார்க்கலாம். சீமைக்கருவேலங்காட்டுக்குள் தகரக் கொட்டகை ஒன்றில் அனுமதியில்லாமல் கருந்திரி தயாரிப்பதாகத் தனிப்பிரிவு ஏட்டிடம் மூன்று பேர் சொல்கிறார்கள்: ஒரு பட்டாசு ஆலையின் போர்மேன், ஒரு பால்காரர், ஒரு மினிபஸ் கண்டக்டர். மூவர் சொல்லும் ஒத்துப்போகிறது. விசாரித்தால் பால்காரரும் கண்டக்டரும் ஒரே டீக்கடையில் ஒரே ஆளிடம் கேட்டவர்கள்; அந்த ஆள் போர்மேனின் மைத்துனன். கொட்டகைக்காரருக்கும் போர்மேனுக்கும் பழைய கூலித் தகராறு. இப்போது ஏட்டின் கையிலிருப்பது மூன்று செய்தியல்ல, ஒன்றே. பிரிட்டிஷ் கடற்படை வழிவந்த தரவரிசையில் சொன்னவருக்கு ஒரு தரமும் சொன்ன செய்திக்குத் தனியே ஒரு தரமும் இடுவார்கள். மாணவர் இங்கே இரண்டையும் இட வேண்டும். பிறகு இந்த மூவரையும் அறியாத வழிகளைத் தேட வேண்டும்: வெடியுப்பும் நூற்கண்டும் வழக்கத்துக்கு மாறாக விற்ற கடை, அந்த மண்பாதையில் இரவில் போன லோடு ஆட்டோ, கொட்டகைப் பக்கம் ஆடு மேய்ப்பவர். செய்தி உண்மையாகவும் இருக்கலாம். உள்ளே பெண்கள் திரி காயவைத்துக்கொண்டிருக்கலாம், தாமதம் உயிரைக் குடிக்கலாம். ஆகவே எத்தனை மணி நேரத்துக்குள் எந்த அளவு உறுதியோடு மேலிடத்துக்கு எழுதுவது என்பதையும் மாணவர் முடிவு செய்து, காரணத்தோடு அறிக்கையாகத் தர வேண்டும்.