கட்டளையும் கத்தரிக்கோலும்

‘கட்டளை’ என்றதும் ஆணை என்னும் பொருளே இன்று நினைவுக்கு வரும். செங்கல் அறுக்கும் மரச்சட்டத்துக்கும் அதுவே பெயர் என்பதை அகராதி புரட்டும் பழக்கமுடையோர் அறிவர். யாப்பில் கட்டளைக் கலித்துறையும் அவ்வாறானதே. அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீங்கலாகப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. இச்சட்டத்துக்குள் கவிஞன் சொல்லை அப்ப வேண்டும். சட்டம் செய்பவர் ஒருவர், அதில் மண் அப்பிக் கல் அறுப்பவர் மற்றொருவர். பள்ளிச் சிறுவன் இவ்விருவருள் யாராக வளர வேண்டும்? சென்ற நூற்றாண்டின் கைத்தொழிற்கல்வி விவாதங்களுக்கு அடியில் இக்கேள்விதான் கிடக்கிறது என்பது நம் எண்ணம்.

கோவையில் இதைப் பேசுவது பொருத்தமே. பவுண்டரிகள் நிறைந்த ஊர் இது. உருக்கிய இரும்பை ஊற்றுமுன் மணலில் பள்ளம் பதிக்க வேண்டும். அதற்கு மரத்தாலோ உலோகத்தாலோ ஓர் உரு வேண்டும். தொழிலாளர் அதைப் ‘பேட்டர்ன்’ என்பர். அதன் நுட்பம் வியப்புக்குரியது. இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பாயின் மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். எனவே பேட்டர்ன் செய்பவர் கையிலுள்ள அளவுகோலே சாதாரணக் கோலைவிடச் சற்று நீண்டது! மணலைச் சிதைக்காமல் வெளியே எடுக்க ஏதுவாகப் பக்கங்களையும் சிறிது சரித்திருப்பார். இத்தகைய அறிவு நெடுங்காலம் தந்தை கையிலிருந்து மகன் கைக்கு, அளவு எழுதப்படாமலே சென்றது. பட்டறை அறிவு பாட அறிவாக மாறத் தொடங்கியதற்கு, பீளமேட்டில் 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் ஓர் அடையாளம். எழுதப்பட்ட அளவுக்குக் குலம் கிடையாது.

சிறுவர் பக்கம் வருவோம். மழலையர் பள்ளித் தாள்மடிப்பிலிருந்து வடிவியல் கற்பிக்கலாம் என்று டி. சுந்தரராவ் சென்னையில் நூல் வெளியிட்டது 1893இல். காந்தியடிகளின் ஆதாரக் கல்வி 1937 அக்டோபரில் வார்தாவில் உருப்பெற்றது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு, ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கியது. இவ்வளவு நேரம் எதற்கு என்ற முணுமுணுப்பு அன்றே எழுந்தது. நேரம் எவ்வாறு செலவாகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் தகரத்தில் வெட்டிய மாதிரியைத் தந்து, சுற்றிலும் கோடிழுத்து வெட்டச் சொன்னால் நாற்பது மாணவர்க்கும் நாற்பது பெட்டி கிடைக்கும், கைப்பழக்கமும் வரும். மாறாக, ‘ஒரு படி அரிசி கொள்ளும் பெட்டிக்கு நீயே மாதிரி வரை’ என்று சொல்லிப் பாருங்கள். ஒட்டுமடல் விட மறந்த சிறுமி மடித்த பின்புதான் அதை உணர்வாள். நீள அகல உயரங்களை இருமடங்காக்கியவன் இரண்டு படி கொள்ளுமென்று காத்திருக்க, எட்டுப் படி கொள்ளும். கன அளவைப் பற்றி எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் அந்தத் திகைப்பு வாராது.

இந்நோக்கில் நம் பகுதியில் ஊன்றி உழைத்தவர் தி. சு. அவினாசிலிங்கம். அவர் 1930இல் கோவையில் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றியது. (கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரான பெரியசாமித் தூரன் 1948 வரை இவ்வித்யாலயத்தில் பணியாற்றியவர் என்பதை இலக்கிய அன்பர்க்கு நினைவூட்டலாம்.) 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வியமைச்சராக இருந்தபோதும் ஆதாரக் கல்வியை அவர் விடாது வலியுறுத்தினார்.

பிறகு வந்தது 1953. இராஜாஜி அரசின் திட்டப்படி ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்குப் பள்ளி மூன்று மணி நேரம்; எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். இரண்டும் கைத்தொழிற்கல்விதானே என்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். நாம் உடன்படோம். வார்தாவில் கைத்தொழில் பள்ளிக்குள் வந்தது; எக்குலத்துப் பிள்ளையும் எத்தொழிலின் மாதிரியையும் வரையலாம். 1953இல் அது பள்ளிக்கு வெளியே, பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னதில் பிள்ளை சட்டம் செய்கிறான். பின்னதில் அவனே சட்டத்துள் அப்பப்படும் மண். ‘குலக்கல்வி’ என்று திராவிட இயக்கத்தார் கூறியது மிகையன்று. 1954 மே 18இல் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்த கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம், நம் பொள்ளாச்சிச் சீமைக்காரர்.

திட்டம் போனது நன்று. ஆனால் அதன் நிழல் பள்ளிக் கைத்தொழில் முழுவதன்மீதும் படிந்தது என்றே நாம் கருதுகிறோம். தக்ளியும் தச்சும் பழமையின் சின்னமாயின. கைத்தொழில் வகுப்பு என்பது கணக்கு ஆசிரியர் கடன் வாங்கும் நேரமாயிற்று. அந்த நேரத்திலேயே கணக்கு இருந்தது என்பதை யார் சொல்வது?

இன்று கோடை வகுப்புகளுக்குக் கைவினைப் பெட்டிகள் விற்பனையாகின்றன. பிரித்தால் உள்ளே அளவாக வெட்டப்பட்ட துண்டுகள். எண் பார்த்து ஒட்ட வேண்டியதே வேலை. அதை வாங்கும் பெற்றோர் ஒன்று செய்யலாம். ஒட்டி முடித்த பிள்ளையிடம் பழைய செய்தித்தாளும் கத்தரிக்கோலும் கொடுத்து, அதே பொருளை ஒன்றரை மடங்கு பெரிதாகச் செய்யச் சொல்லலாம்.