குழித்தறி முதல் சர்வோ மோட்டார் வரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால்தான் குண்டாற்றில் தண்ணீர். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பருத்தி விளைந்தது. பருத்தியை ஒட்டி நெசவு வளர்ந்தது. தேவாங்கரும் சாலியரும் அருப்புக்கோட்டையில் தலைமுறைகளாகத் தறி நெய்தார்கள். இயந்திரம், மின்னணுவியல், கட்டுப்பாடு மூன்றையும் ஒன்றாகப் படிக்கும் மெக்கட்ரானிக்ஸின் அடிப்படைக் கேள்விகள் அனைத்தையும் இத்தொழிலின் வரலாற்றில் காணலாம்.

குழித்தறியில் நெசவாளர் மிதிகட்டையை மிதித்தால் விழுதுகள் ஏறி இறங்கும். நீளவாட்டு இழைகளான பாவு இரண்டாகப் பிரியும். இடையே நாடா குறுக்கிழையான ஊடையைக் கொண்டுபோகும். அச்சு அதை நெருக்கும். பாவின் விறைப்பை விரல் அறிந்தது, அறுந்த இழையைக் கண் கண்டது, அடியின் வலுவைக் கை தீர்மானித்தது. வறண்ட காற்றில் இழை முறியும் என்பதால் வெயில் ஏறும் முன்பே தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டார்கள். அளப்பது, முடிவெடுப்பது, திருத்துவது மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்தன.

இந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கருவிக்கு மாறின. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் உருவாக்கிய விசைநாடா, கயிற்றை இழுத்தால் தானே ஓடியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் நடத்திய முயற்சிகள், சென்னை மாகாணக் கைத்தறிகளில் அது பரவ உதவின. பிரான்சில் 1804இல் வந்த ஜக்கார்டு, எந்த இழை ஏற வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டையில் எழுதியது.

விசைத்தறியில் கணக்கு கட்டாயமானது. நிமிடத்துக்கு 120 ஊடை போடும் தறியில் ஒரு சுற்றுக்கு அரை நொடிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே நாடா கடப்பதற்குக் கிடைக்கிறது என்றால், ஒன்றரை மீட்டரை அது 1/6 நொடியில், அதாவது நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும். நாடாவின் எடை, அதை அடிக்கும் விசை, மறுமுனையில் நிறுத்தும் உராய்வு மூன்றையும் சமன்பாட்டில் வைத்தால்தான் தறி வடிவம் பெறும். ஊடை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இல்லையெனில் தறியை நிறுத்தும் சிறு முட்கருவி, நெசவாளரின் கண்ணுக்கு மாற்றாக வந்த தொடக்க கால உணரிகளுள் ஒன்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் மதுரையிலும் நூற்பாலைகள் கட்டினர். பின்னர் அருப்புக்கோட்டையிலும் ஜெயவிலாஸ், ராமலிங்கா போன்ற மில்கள் எழுந்தன. கோவையில் 1956இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவும், 1962இல் லட்சுமி மெஷின் வொர்க்ஸும் தோன்றிய பிறகு, மில் இயந்திரங்களைச் சோதிக்கவும் உருவாக்கவும் தமிழ்நாட்டிலேயே வழி பிறந்தது. இதே காலத்தில், இயந்திரத்தையும் மின்னணுவியலையும் இணைக்கும் துறைக்கு ஜப்பானின் யஸ்காவா நிறுவனம் 1969இல் மெக்கட்ரானிக்ஸ் என்ற பெயரைச் சூட்டியது.

இயந்திரத்தின் நடத்தையைச் சமன்பாடுகளாக எழுதும் மாதிரியாக்கம் இத்துறையில் என்ன செய்கிறது என்பதை, நூற்பாலையின் டிராயிங் இயந்திரத்தில் திரியின் தடிப்பைச் சீராக்கும் ஆட்டோ லெவலர் நன்றாகக் காட்டும். 8 பஞ்சுத் திரிகள், அதாவது ஸ்லைவர்கள், ஒன்றாக உள்ளே போய் 8 மடங்கு நீண்டு ஒரே திரியாக வெளிவருகின்றன. ஒரு மீட்டர் திரியின் எடையை வேகத்தால் பெருக்கினால், உள்ளே போவதும் வெளியே வருவதும் சமம். வெளியேறும் வேகம் நிமிடத்துக்கு 600 மீட்டர் என்றால் உள்ளே போகும் வேகம் 75 மீட்டர். உள்ளே போகும் திரிகள் மொத்தமாக 4 சதவீதம் தடித்தால், இழுவையை, அதாவது நீளும் மடங்கை, 8.32 ஆக்க வேண்டும். அதற்கு உள்வேகம் சுமார் 72 மீட்டராகக் குறைய வேண்டும். அளக்கும் உருளைகளுக்கும் இழுக்கும் இடத்துக்கும் 1 மீட்டர் தூரம் இருந்தால், தடித்த பகுதி வந்துசேர 0.8 நொடி ஆகும். திருத்தத்தை அதுவரை தாமதிக்காவிட்டால், சரியாக இருந்த சுமார் 8 மீட்டர் திரி மெலிந்துபோகும். தடித்த பகுதியும் முழுமையாகத் திருந்தாது.

மெக்கட்ரானிக்ஸ் மாணவர் முதலில் இந்தச் சமநிலைக் கணக்கை எழுதுகிறார். அடுத்து உள்வேகத்தை மாற்றும் சர்வோ மோட்டாரின் நிலைமம், உராய்வு, மின்னோட்டம் ஆகியவற்றை வகைக்கெழுச் சமன்பாடுகளாக்குகிறார். பின்பு கட்டப்படம் வரைந்து, கட்டுப்பாட்டு எண்களை மாற்றிக் கணினியில் ஓட்டுகிறார். எண் சிறிதானால் திருத்தம் தாமதமாகும். அளவுக்கு மீறினால் வேகம் ஏறி இறங்கி அலைபாயும். கடைசியில் கணக்கு சொன்னதை இயந்திரம் தந்த அளவுகளோடு ஒப்பிடுகிறார். பஞ்சு, ரகத்துக்கு ரகமும் ஈரப்பதத்துக்கு ஏற்பவும் மாறும். ஆகவே ஒப்பிடாத மாதிரியை நம்ப முடியாது.

காரியாபட்டி வட்டம் புல்லூரில் 1995இல் சேது தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. 1998இல் தோன்றிய விருதுநகர் காமராஜ் பொறியியல் கல்லூரியில் பின்னர் மெக்கட்ரானிக்ஸ் துறையும் அமைந்தது. இதனால் இவ்வட்டாரப் பிள்ளைகள் அதிகத் தொலைவு போகாமலே இக்கணக்கைக் கற்க முடிகிறது. நெசவாளரின் விரல் அறிந்த விறைப்பை இன்று உணரி அளக்கிறது. எந்த அளவு சரி என்பதை முதலில் கண்டுபிடித்தது தறியில் உட்கார்ந்தவரின் அனுபவம். அந்த அனுபவத்தை எண்ணாக எழுதக் கற்பதே இப்படிப்பின் சாரம்.