மேனேஜர் முதலில் ஏறட்டும்!

1919-ம் வருடம், ஜூலை மாதம். நியூயார்க் பக்கத்தில் பெல்மான்ட் பார்க். குதிரைப் பந்தயம் நடக்கிற இடம்தான் அன்றைக்குத் தபால் விமானங்களின் நிலையம். மூட்டைகள் ரெடி. விமானம் ரெடி. ஆனால் எங்கு பார்த்தாலும் மூடுபனி. லியான் ஸ்மித், ஹாமில்டன் லீ என்று இரண்டு பைலட்டுகள், 'இந்தப் பனியில் பறக்க முடியாது சாமி' என்று சொல்லிவிட்டார்கள்.

வாஷிங்டனில் ஆட்டோ பிரேகர் என்று ஓர் அதிகாரி. விமானத் தபால் முழுக்க அவர் கையில். விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால், பைலட் எப்போது பறக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்! உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டார். இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது.

மற்ற பைலட்டுகள் கொதித்துவிட்டார்கள். இன்றைக்கு அவர்கள், நாளைக்கு நாம். ஸ்டிரைக்!

சில நாள்களில் சமாதானம் ஆனது. லீக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அதைவிட சுவாரசியம், அப்போது போட்ட ஒரு விதி. பறக்கலாமா கூடாதா என்பதை அந்தந்த நிலையத்தின் மேனேஜர் முடிவு செய்யலாம். ஆனால் பைலட் தயங்கினால், மேனேஜரே முதலில் ஏறி ஒரு ரவுண்டு அடித்துக் காட்ட வேண்டும். அவருக்கு ஓட்டத் தெரியாதா? பரவாயில்லை. பைலட்டோடு கூடவே ஏறி உட்கார்ந்து போய்வரட்டும்.

இதற்குப் பிறகு எந்த மேனேஜருக்காவது அவசரம் வருமா, என்ன?

ஓட்டத் தெரிந்தவன்தான் ஓட்டுகிறவனை மேய்க்க வேண்டும். நியாயம்தானே? அதனால்தான் இன்றைக்கும் தலைமை பைலட், பயிற்சித் தலைவர் போன்ற நாற்காலிகளில் பைலட்டுகளே உட்காருகிறார்கள். மாதத்தில் சில நாள் கோட் சூட், ஃபைல், மீட்டிங். சில நாள் காக்பிட். நிர்வாக பைலட் என்று பெயர்.

இங்கேதான் வில்லங்கம். இந்த ஆசாமி எந்தக் கட்சி? முதலாளி கட்சியா, தொழிலாளி கட்சியா? யூனியன் பேரம் பேசிக் கட்டிக்காக்கிற சீனியாரிட்டி பட்டியலில் இவர் பெயர் இருக்கலாமா, கூடாதா?

பட்டியலில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். பைலட்டுக்கு அதுதான் ஜாதகம். எந்த விமானம், எந்த ரூட், எப்போது கேப்டன் பதவி, பண்டிகைக்கு லீவு கிடைக்குமா, ஆள்குறைப்பு வந்தால் யார் முதலில் வீட்டுக்கு... எல்லாமே அந்த நம்பர்தான். அமெரிக்காவில் இருபது வருடம் ஓட்டிய கேப்டன் வேறு கம்பெனிக்குப் போனால், அங்கே நேற்று சேர்ந்த பையனுக்கும் கீழே கடைசி நம்பர். அனுபவமாவது, ஒன்றாவது!

கிறுக்குத்தனம் மாதிரி தெரிகிறதா? பெல்மான்ட் பார்க்கை நினைத்துப் பாருங்கள். இந்த நம்பருக்கு முகஸ்துதி தெரியாது. மழையில் பறக்க மறுத்தவனை உருப்படாத ரூட்டில் போட்டுப் பழிவாங்க முடியாது. மேலதிகாரிக்குப் பிடித்த பிள்ளையை ஒரே தூக்காகத் தூக்கி கேப்டன் ஆக்கவும் முடியாது. 1931-ல் சிகாகோவில் டேவிட் பென்கே ஆரம்பித்த 'ஆல்பா' பைலட் சங்கம், பிற்பாடு இந்தப் பட்டியலை உயிராக நினைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வழவழா கொழகொழாதான். கார் ஃபாக்டரி ஃபோர்மேன்களும் தொழிலாளிகளே, யூனியன் வைத்துக்கொள்ளலாம் என்று 1947 மார்ச்சில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஜூன் மாதமே நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டுக் கதவைச் சாத்திவிட்டது. ஆனால் விமானக் கம்பெனிகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. 1926-ல் ரயில்வேக்காகப் போட்ட சட்டம்தான், 1936-லிருந்து. அதில் சின்ன அதிகாரிகளும் தொழிலாளிக் கணக்கு. சின்னது எங்கே முடிகிறது, பெரியது எங்கே ஆரம்பிக்கிறது? அதுதான் சண்டையே.

சண்டை முற்றினால் என்ன ஆகும் என்று 1985-ல் தெரிந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ். தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ். இவர் பிரேகர் மாதிரி இல்லை. தானே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். பைலட்டுகளுக்கும் அவர்மேல் ஒரு காலத்தில் பிரியம் உண்டு. ஆனால், 1978-ல் அரசாங்கக் கட்டுப்பாடு போனதும் டிக்கெட் விலையில் அடிதடி. பழைய பைலட்டுகளுக்குப் பழைய சம்பளம், புதிதாக வருபவர்களுக்கு ரொம்பக் குறைந்த சம்பளம் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1983-ல் வழிகாட்டியது. எனக்கும் அதேதான் வேண்டும் என்றார் ஃபெரிஸ்.

மே 17, ஸ்டிரைக். சுமார் 5,000 பைலட்டுகளில் மிகப் பெரும்பாலோர் வெளியே. கோட்டைத் தாண்டி உள்ளே போனவர்கள் கொஞ்சம் பேர். அவர்களோடு விமானத்தைக் கிளப்பியவர்கள் நிர்வாக பைலட்டுகள். நேற்றுவரை தோளில் கை போட்டவர்!

ஸ்டிரைக் வரும் என்று தெரிந்தே கம்பெனி 570 புது பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தது. நம்பர்கூட இன்னும் கைக்கு வராத பையன்கள். 'வேலைக்கு வா' என்று கூப்பிட்டது. வந்தால் வேலை நிச்சயம். வராவிட்டால்? கிட்டத்தட்ட யாருமே போகவில்லை.

சம்பளத் தகராறு சீக்கிரமே வழிக்கு வந்துவிட்டது. ஆனால், மாற்று ஆள்களுக்குப் பட்டியலில் எந்த இடம்? இந்த 570 பேருக்கு வேலை உண்டா? இதில்தான் இழுத்தது. மொத்தம் 29 நாள். 570 பேர் விவகாரம் கோர்ட்டுக்குப் போய், 1986-ல் மேல்கோர்ட்டும் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. அடுத்த வருடம் ஃபெரிஸே வேலையை விட்டுப் போனார்.

இதைப் படித்தால், நிர்வாக பைலட்டைப் பட்டியலிலிருந்து அடித்துத் துரத்து என்றுதான் கை பரபரக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. நம்பர் இல்லாத தலைமை பைலட், முதலாளி தயவில் வாழ்கிறவர். 'இந்த விமானம் இன்றைக்குப் பறக்கக் கூடாது' என்று சொன்னால் அவருக்கு நாற்காலியும் போகும், காக்பிட்டும் போகும். நம்பர் இருந்தால்? 'போய்யா, உன் நாற்காலி' என்று தூக்கி எறிந்துவிட்டுப் பழைய சீட்டில் போய் உட்காரலாம். அந்தத் தைரியம் பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு நல்லது. கீழேயிருந்து வந்தவருக்கு நம்பர் இருக்கட்டும். சந்தாவும் கட்டட்டும். வெளியிலிருந்து நேராக அதிகாரியாக வந்து இறங்கியவர் ரெகுலராக ஓட்ட ஆசைப்பட்டால் மட்டும், கடைசி நம்பரில் போய் நிற்கட்டும்.

நம் ஊரில் இந்தக் கதை இன்னும் ருசி. 2009 செப்டம்பர் 26-ம் தேதி ஏர் இந்தியாவில் ஒரு போராட்டம். உற்பத்தி ஊக்கத்தொகையில் பாதிவரை வெட்டு. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். யார்? சாதாரண பைலட்டுகள் இல்லை. எக்ஸிகியூட்டிவ் பைலட்டுகள்! அதாவது நிர்வாகமே நிர்வாகத்தை எதிர்த்து ஸ்டிரைக். விமானங்கள் வரிசையாக ரத்து. 30-ம் தேதிதான் முடிவுக்கு வந்தது.

மூன்று வருடம் கழித்து, 2012-ல், ஏர் இந்தியாவின் பைலட்ஸ் கில்ட் 58 நாள் ஸ்டிரைக் நடத்தியது. அந்த நாள்களில் வெளிநாட்டு விமானங்களில் பாதியையாவது தூக்கி நிறுத்தியது யார் தெரியுமா? அதே எக்ஸிகியூட்டிவ் பைலட் வர்க்கம்தான்.