சேரமான் பெருமாள் போன திசை: கொச்சி டச்சுப் போதகரின் சாட்சியமும் மாப்பிள்ளை வரலாற்றின் விடுபட்ட நூற்றாண்டும்

மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்களின் வரலாற்றைப் புனிதப் போரின் வரலாறாக வாசிப்போர் இன்றும் முதலில் எடுக்கும் நூல் ஸ்டீபன் டேல் 1980இல் வெளியிட்டது. 1498 முதல் 1922 வரையிலான காலத்தை அது ஒரே கோட்டில் நிறுத்துகிறது. இந்து அரசர்களின் நிழலில் வணிகம் செய்துவந்த சமூகம் போர்ச்சுக்கீசியரின் வன்முறையால் போர்க்குணம் பெற்றது. அந்தக் குணத்துக்கு ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூமின் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ சமய நியாயம் அளித்தது. ஷஹீது, அதாவது உயிர்த்தியாகி, என்னும் இலட்சியம் நேர்ச்சை விழாக்களிலும் பாடல்களிலும் வாழ்ந்திருந்து, 1836க்குப் பிறகு ஆங்கில அரசுக்கும் ஜன்மிகள் என்னும் நிலவுடைமையாளர்களுக்கும் எதிராக மீண்டும் வெடித்தது. டேல் கூறுவதன் சாரம் இது. 1988இல் எழுதிய கட்டுரையில் இவ்வகைத் தாக்குதல்களைக் காலனிய எதிர்ப்புப் பயங்கரவாதம் என்ற வகையிலும் அவர் சேர்த்தார்.

இக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கான்ராட் வுட், கே. என். பணிக்கர் போன்றோர் நிலவுடைமைக் கொடுமையை முன்வைத்து விளக்கினார்கள். குத்தகைச் சுமையால் வந்த கோபம் புரிகிறது. ஆனால் தாக்குதலுக்குப் போகுமுன் மனைவியை மணவிலக்குச் செய்து, வெள்ளை உடுத்தி, பள்ளியில் தொழுது, சாவை நாடியே சிலர் சென்றது ஏன் என்பதற்குக் குத்தகைக் கணக்கு மட்டும் விடை சொல்லாது. சமயத்தை வெறும் போர்வையாகக் கருத மறுத்த வகையில் டேல் செய்தது நல்ல பணி. நான் மறுப்பது அவர் இழுத்த கோட்டின் இடைப்பகுதியை. 1663 முதல் 1795 வரை கொச்சியில் கோலோச்சியவர்கள் டச்சுக்காரர்கள், அதாவது புராட்டஸ்டண்டுகள். நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேற்பட்ட இக்காலம் அவர் நூலில் மெலிந்திருக்கிறது. வடக்கே நடந்த சில தனித் தாக்குதல்களைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்ப அவர் முயல்கிறார். தொடர்ச்சியை நிறுவ அது போதாது.

முதலில் துஹ்ஃபத். அந்நூலுக்கு நான்கு பகுதிகள். அறப்போரின் சிறப்பைப் பேசுவது முதற்பகுதி மட்டுமே. இரண்டாவது மலபாரில் இஸ்லாம் பரவிய கதை. மூன்றாவது அந்நாட்டு இந்துக்களின் வழக்கங்கள். நான்காவது போர்ச்சுக்கீசியர் வருகையும் அதன்பின் நடந்தவையும். முஸ்லிம்களை ஆதரித்த இந்து மன்னர்களை, குறிப்பாகக் கோழிக்கோட்டுச் சாமூதிரியை, ஆசிரியர் மனமாரப் பாராட்டுகிறார். நூலின் காலமும் சிக்கலானது. அது பீஜப்பூரின் அலி ஆதில் ஷாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவர் 1580இல் கொல்லப்பட்டார். நிகழ்ச்சிகளோ ஹிஜ்ரி 991, அதாவது 1583 வரை வருகின்றன. காணிக்கை முன்பே எழுதப்பட்டு வரலாறு பின்னர் நீண்டிருக்கலாம். அரசன் மறைந்த பின்னும் காணிக்கை மாற்றப்படாமல் இருந்திருக்கலாம். தீர்மானிக்க வழியில்லை. ஒன்று மட்டும் தெளிவு: படிப்படியாக வளர்ந்திருக்கக்கூடிய ஒரு நூலை ஒரே மூச்சில் விடுத்த போர் அறைகூவலாக வாசிப்பது நியாயமன்று.

மக்தூம் குடும்பத்தைப் பொன்னானியோடு மட்டும் சேர்த்துப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. அவர்கள் மஅபரிலிருந்து, அதாவது நம் சோழமண்டல, பாண்டியக் கரையிலிருந்து, முதலில் வந்து தங்கியது கொச்சியில். ஆசிரியரின் பாட்டனார் மூத்த ஜைனுத்தீன் பிறந்ததும் அங்கேதான் என்பது மரபு. மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடி இன்றும் அந்நினைவைப் பேணுகிறது. செப்புக் கூரையால் பெயர் பெற்ற செம்பிட்டப் பள்ளி அங்கே இருக்கிறது. மலபார் இஸ்லாத்தின் கல்வி மரபு வேர்விட்ட இந்த ஊரில்தான் நமது சாட்சியும் வாழ்ந்தார்.

அவர் ஜாகோபுஸ் காண்டர் விஸ்ஸர். டச்சுச் சீர்திருத்தச் சபைப் போதகர். 1717 முதல் 1723 வரை கொச்சியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களுக்கு ஊழியம் செய்தார். போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற புனித பிரான்சிஸ் ஆலயம் அப்போது சீர்திருத்தச் சபையின் ஆலயமாயிருந்தது. அவருடைய மலபார்க் கடிதங்கள் 1743இல் லேவார்டன் நகரில் அச்சாயின. 1862இல் மேஜர் ஹீபர் டிரூரி அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சென்னையில் வெளியிட்டார். கே. பி. பத்மநாப மேனோனின் நான்கு தொகுதிக் கேரள வரலாறு (1924–1937) இக்கடிதங்களுக்கு எழுதிய குறிப்புகள் என்ற வடிவில் அமைந்தது. ஆகவே விஸ்ஸர் யாரும் அறியாதவர் அல்லர். ஆனால் தகவல் தோண்டும் சுரங்கமாகவே அவர் பயன்பட்டார். போரை ஒட்டிய காலத்தில் அயல் சமயத்தாரைப் பற்றிக் கேட்டறிய முனைந்த ஒருவராக அவரை வாசித்தோர் குறைவு.

அவர் வந்தது போர் ஓய்ந்த ஆண்டு. சேற்றுவாயில் டச்சுக்காரர் கட்டிக்கொண்டிருந்த கோட்டையைச் சாமூதிரியின் படை 1715 ஜனவரியில் பிடித்தது. 1717இல் வில்லெம் பேக்கர் யாகோப்ஸ் பெரும்படையோடு வந்து மீட்டார். ஆண்டு முடிவில் உடன்படிக்கை ஏற்பட்டது. இப்போரில் அணிகள் எப்படி அமைந்தன என்று பார்க்க வேண்டும். சாமூதிரி இந்து மன்னர். அவருடைய கடல் வணிகமும் துறைமுக வருவாயும் முஸ்லிம்களைச் சார்ந்தவை. டச்சுக்காரரின் பக்கம் கொச்சி மன்னர். சாமூதிரியைத் தூண்டியவர் ஆங்கிலக் கம்பெனியின் ராபர்ட் ஆடம்ஸ் என்று அக்காலக் கடலோடி அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதினார். அப்படியானால் புராட்டஸ்டண்ட் கம்பெனி ஒன்றை எதிர்க்க இன்னொரு புராட்டஸ்டண்ட் கம்பெனியின் ஆள் தூபமிட்டிருக்கிறார். சண்டை மிளகுக்கும் சேற்றுவாய்க்குமாக நடந்தது. அறப்போர்க் கோட்டில் இதற்கு இடமில்லை. 1770களின் தொடக்கத்தில் இதே டச்சுக் கம்பெனி கண்ணூர்க் கோட்டையை முஸ்லிம் அரசரான அறக்கல் அலி ராஜாவுக்கு விற்றது. மூன்று நூற்றாண்டு இடையறாத சமயப் பகை நிலவியிருந்தால் இந்த விற்பனையை எப்படி விளக்குவது?

இனி, நான் முதன்மையாகக் கருதும் பாடத்துக்கு வருகிறேன். நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போன கடைசிச் சேரமான் பெருமாளைப் பற்றி விஸ்ஸர் எழுதுமிடத்தில் இரண்டு பயணங்கள் வருகின்றன. நேர்த்திக்கடன் தீர்க்கக் கங்கைக்குப் போனார் என்பது ஒன்று. அரபு நாட்டில் முகம்மதைக் கண்டு அவர் மார்க்கத்தைத் தழுவப் போனார் என்பது மற்றொன்று; இதை மூர்கள் சொல்வதாகக் குறிக்கிறார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறார். எது மெய் என்று அங்கே தீர்ப்பு வழங்கவில்லை.

பெருமாள் போன திசை ஒன்றல்ல. பெரியபுராணம் சேரமான் பெருமாள் நாயனாரைச் சுந்தரரோடு கயிலைக்கு அனுப்பியது. போர்ச்சுக்கீசிய எழுத்தாளர் சிலர் அவரைக் கிறித்தவராக்கி மயிலாப்பூருக்கு அனுப்பினர். துஹ்ஃபத் அவரை அரபுக்கரைக்கு அனுப்பினாலும், நபியின் காலத்திலேயே அது நடந்தது என்ற மக்கள் நம்பிக்கையை ஏற்கவில்லை; ஹிஜ்ரி 200க்குப் பிறகுதான் இருக்கும் என்று கணிக்கிறது. விஸ்ஸர் தரும் முஸ்லிம் பாடமோ நபியை நேரில் காணப் போனார் என்பது. அறிஞர் ஐயுற்ற மக்கள் பாடம் அது. ஆகையால் ஏட்டிலிருந்து அவருக்கு வந்ததாகத் தோன்றவில்லை, வாய்மொழியாக வந்திருக்கும். கங்கைப் பயணமும் அதுபோலவே நாயர்களோ பிராமணர்களோ சொல்லக் கேட்டதாயிருக்கலாம். கோட்டையிலிருந்து நடந்து போகும் தொலைவில் மட்டாஞ்சேரி. மன்னரின் அரண்மனையும் யூதர் தெருவும் கொங்கணிக் கோயிலும் கொச்சங்காடிப் பள்ளியும் அங்கே அடுத்தடுத்து இருந்தன. இரு பாடங்களும் அருகருகே காதில் விழ அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இந்த வாதத்தின் ஆதாரம் மெலிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நபியைக் கண்ட கதை முந்தைய ஐரோப்பிய நூல்கள் வழியாகவும் வந்திருக்கலாம். கடிதம் எழுதியதற்கும் அச்சானதற்கும் இடையே இருபது ஆண்டு. அதற்குள் எவ்வளவு திருத்தம் சேர்ந்தது என்று சொல்ல இயலாது. இருந்தும் என் கருத்தில் உறுதியாக நிற்கிறேன். ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பவர் பொதுவாக ஒரு பாடத்தைத் தேர்ந்து மற்றதைக் கண்டிப்பார். இவர் இரண்டையும் உரியவர்களின் கூற்றாகவே விட்டிருக்கிறார். முஸ்லிம்களை அவர்கள் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று உட்ரெக்ட் பேராசிரியர் அட்ரியான் ரேலாண்ட் 1705இல் எழுதிய நூலின் விரிவான பதிப்பு வந்தது 1717இல், விஸ்ஸர் கொச்சிக்கு வந்த ஆண்டில். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று நான் சொல்லவில்லை. ஒரே சபை, ஒரே காலம், ஒத்த போக்கு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். விஸ்ஸர் இஸ்லாத்தின் நண்பரும் அல்லர். கம்பெனியின் சம்பளத்தில் வாழ்ந்தவர், தம் சமயமே மெய் என்று பிரசங்கித்தவர். அவர் கேட்டறிந்ததற்கு அதனாலேயே மதிப்பு கூடுகிறது.

அடுத்த நூற்றாண்டில் இந்தப் பொறுமை சுருங்கியது. 1833இல் சென்னைப் படையின் ரௌலண்ட்ஸன் துஹ்ஃபத்தை ஆங்கிலமாக்கினார். மூன்றாண்டில் கலவரங்கள் தொடங்கின. 1852இல் விசாரித்த நீதிபதி ஸ்ட்ரேஞ்ச் சமய வெறியே காரணம் என்றார். 1854இல் கடுஞ்சட்டங்கள் வந்தன. 1855 செப்டம்பரில் கலெக்டர் கானோலி கோழிக்கோட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன்பின் இஸ்லாத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வி, ஏன் நம்மைக் கொல்கிறார்கள் என்ற ஒன்றாகக் குறுகிற்று.

அக்கேள்விக்கு மாற்றுவிடை தேடியவர் வில்லியம் லோகன். 1882 அறிக்கையில் நிலவுடைமையையே வேராகக் காட்டினார். ஆனால் 1887இல் வந்த அவருடைய மலபார் மேனுவல் பெருமாள் கதைக்கு ஒரு திட்டமான தேதியைச் சூட்டியது. அரபுக்கரையில் ஜஃபாரில் உள்ள கல்லறையில், பெருமாள் ஹிஜ்ரி 212இல் வந்து 216இல் இறந்ததாகப் பொறித்திருக்கிறது என்று தாம் அறிந்ததை எழுதி, 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டோடு அதை இணைத்தார். கல்லை லோகன் கண்ணால் பார்க்கவில்லை. ஜஃபாரில் அடக்கம் என்பது துஹ்ஃபத்திலேயே உள்ள செய்தி; தேதிகள்தாம் புதியவை. ஹிஜ்ரி 200க்குப் பின் என்ற ஜைனுத்தீனின் கணிப்புக்கு அவை மிகக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. கணிப்பிலிருந்தே எண் பிறந்ததோ என்று ஐயுறுகிறேன். இன்னொன்றையும் கருத வேண்டும். 1852இல் ஆங்கிலேயரின் நெருக்குதலால் மலபாரை விட்டு வெளியேறிய மம்புறம் சையத் ஃபஸல், 1870களின் பிற்பகுதியில் அதே ஜஃபார் அடங்கிய தோஃபாரை ஆண்டார். அக்கரைச் செய்திகள் அப்போது மலபாருக்கு மிகுதியாக வந்திருக்கும். கல்லறைத் தேதியும் அவ்வழி வந்ததா என்பது முடியாத கேள்வி.

லோகன் தேதியைத் தேடினார். டேல் தொடர்ச்சியைத் தேடினார். இருவருக்கும் கண்முன் கொலைகள் இருந்தன. பெருமாள் மதம் மாறிய செய்தியைத் தள்ளத் தேவையில்லை என்று எம். ஜி. எஸ். நாராயணன் காட்டி, அதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசிச் சேரனோடு இணைத்தார். அந்தத் தேதியும் ஊகத்தின் பாற்பட்டதே. பெருமாள் எங்கே போனார் என்பதை இக்கட்டுரை தீர்க்கவில்லை. 1836இன் தாக்குதல்காரர்களின் மனத்தில் துஹ்ஃபத்துக்கு இடமே இல்லை என்றும் வாதிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டையும் பிணைக்க விரும்புவோர் கொச்சியின் டச்சுக்காலத்தைத் தாண்டிக் குதிக்காமல் அதன் வழியாக நடந்து வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. மலபாரில் டச்சுக்காரர் விட்டுப்போன ஆவணங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை வணிகர்களின் பெயரும் கணக்கும் வழக்கும் அவற்றில் எங்கெங்கே வருகின்றன என்று தேடித் தொகுக்கும் வேலையிலிருந்து அந்த நடையைத் தொடங்கலாம்.