மூடிய நிலையில் மடிக்கணினிப் பயன்பாடு

மூடிய நிலையில் மடிக்கணினிப் பயன்பாடு என்பது, மடிக்கணினியின் மூடியைத் திறக்காமலேயே வெளித்திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை இணைத்து, அதை மேசைக்கணினி போல இயக்கும் முறையாகும். கையில் எடுத்துச் செல்ல ஒன்று, மேசையில் வைக்க ஒன்று என இரண்டு கணினிகள் வாங்கும் செலவையும், ஒரே கோப்பை இரண்டிலும் படியெடுத்து வைக்கும் தொல்லையையும் தவிர்க்க இம்முறை உதவுகிறது.

மடங்கும் வடிவம்

1982 ஆம் ஆண்டு வெளிவந்த கிரிட் காம்பஸ் கணினியில், திரை விசைப்பலகையின் மேல் மடிந்து மூடிக்கொண்டது. இதனை வடிவமைத்தவர் பில் மாக்ரிட்ஜ். சிப்பியைப் போலத் திறந்து மூடும் இவ்வடிவமே பின்னர் மடிக்கணினிகளின் பொது வடிவமாயிற்று. மூடியை மூடினால் வேலை முடிந்தது என்பதே அதன் பொருளாக இருந்தது.

பவர்புக் டுவோ

அக்டோபர் 1992 இல் ஆப்பிள் நிறுவனம் பவர்புக் டுவோ 210, 230 ஆகிய மடிக்கணினிகளை வெளியிட்டது. எடை இரண்டு கிலோகிராமுக்கும் குறைவாக இருக்கும்படி, நெகிழ்வட்டு இயக்கியும் பெரும்பாலான இணைப்புத் துளைகளும் இவற்றில் தவிர்க்கப்பட்டன. அவை டுவோ டாக் என்னும் தனிப்பெட்டியில் வைக்கப்பட்டன. மூடிய டுவோவை, வீடியோ கேசட்டை நுழைப்பது போல, இப்பெட்டிக்குள் தள்ளினால் மின்னோடி அதை உள்ளிழுத்துக்கொள்ளும். 152 முனைகள் கொண்ட இணைப்பி இரண்டையும் ஒன்றாக்கும். பெட்டியின் மேல் வெளித்திரை வைக்கப்பட்டது.

எனினும் இப்பெட்டி ஒரே கணினி வரிசைக்கு மட்டுமே பொருந்தியது. பின்னர் வந்த, தடிமன் கூடிய வண்ணத்திரை டுவோக்களுக்குப் பழைய பெட்டியின் மேல்மூடியையே மாற்ற வேண்டியிருந்தது. 1997 இல் டுவோ வரிசை நிறுத்தப்பட்டதும் அதற்கான பெட்டிகளுக்கும் எதிர்காலம் இல்லாமற்போயிற்று.

மூடியும் உறக்க நிலையும்

மடிக்கணினி மூடப்பட்டதை, பொதுவாக ஒரு சிறு காந்தமும் அதை உணரும் உணரியும் அறிவிக்கின்றன. அதன்பின் என்ன செய்வது என்பதை இயங்குதளம் முடிவு செய்கிறது. விண்டோசு எக்சுபியில் (2001) மூடியை மூடும்போது உறங்குவதா, ஒன்றும் செய்யாதிருப்பதா எனப் பயனரே தேர்ந்தெடுக்க முடிந்தது. இதனால் தனிப்பெட்டி இல்லாமலும் மூடிய கணினியை இயக்குவது எளிதாயிற்று.

ஒற்றை வடம்

2014 இல் வரையறுக்கப்பட்ட யூ.எசு.பி.-சி இணைப்பு, மின்சாரம், படம், தரவு மூன்றையும் ஒரே வடத்தில் கொண்டுசெல்ல வழிசெய்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளும் திரைகளும் இதனைப் பயன்படுத்துவதால், டுவோ டாக்கிற்கு இருந்த முதன்மைக் குறை பெருமளவு நீங்கியது. ஆனால் எல்லா யூ.எசு.பி.-சி துளைகளும் படத்தை அனுப்புவதில்லை.

வரம்புகள்

மூடிய நிலையில் உள்ளமைந்த ஒளிப்படக்கருவியையும் விசைப்பலகையையும் பயன்படுத்த இயலாது. விசைப்பலகைப் பகுதி வழியாக வெப்பத்தை வெளியேற்றும் கணினிகள் மூடிய நிலையில் கூடுதலாகச் சூடாகலாம். மூடினாலும் இயங்கும்படி அமைத்த கணினியை அப்படியே பைக்குள் வைத்தால், அது தொடர்ந்து இயங்கிச் சூடேறி மின்கலத்தையும் தீர்த்துவிடும். எனவே வெளியே எடுத்துச் செல்லுமுன் கணினியை உறக்க நிலைக்கு மாற்றவோ அணைக்கவோ வேண்டும்.